ஆயில் சட்டியின் அடியில்

சங்கரபாண்டியன் போட்ட சத்தம் பக்கத்து உப்புக் கிட்டங்கி வரை கேட்டது.

“உன்ன நம்பி எஞ்சினக் குடுத்தேம் பாரு, என்னியச் செருப்பால அடிக்கணும்ல!”

மெக்கானிக் வேதமணி எஞ்சினுக்கு அடியிலிருந்து கழற்றிய ஆயில் சட்டியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, அடியில் இருந்த கசடைப் பழைய பனியன் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தான்.

இதே லாரி எஞ்சினைப் பொங்கல் சமயத்தில்தான் அவன் பிரித்துப் பூட்டியிருந்தான். எல்லாம் புதிதாக வாங்கச் சங்கரபாண்டியனுக்கு வக்கில்லை. லைனர் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. பேரிங் வேறொரு லாரியில் கழற்றியது. பிஸ்டன் ரிங் மட்டும் புதுசு. அப்படி ஒட்டுப்போட்ட வண்டிதான் என்றாலும் முனகாமல் ஓடியது. சித்திரை பிறப்பதற்குள் கரும்புகை கக்கிப் படுத்துவிட்டது.

அடுத்த வாரம் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது. உப்பு ஏற்றிக்கொண்டு லாரி போய் நிற்காவிட்டால் அந்த நடை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் லாரியை விற்றுத் தின்ன வேண்டியதுதான்.

கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்த பயல், செத்துப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டானே என்பதுதான் அவர் ஆத்திரம்.

வேதமணி துணியை வெயிலில் விரித்தான். கரியும் எண்ணெயும் போய், ஒரு கை மணல் தங்கியிருந்தது.

லைனர்மேல் குற்றமில்லை. ஆயில் ஊற்றும் வாய் வழியாக யாரோ அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

வேலையை விட்டு விரட்டிய கிளீனரா? நடைக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலையும் போட்டி லாரிக்காரனா? எந்தத் துரோகி என்று தெரிந்தால் கையை முறித்துவிடுவதாகச் சங்கரபாண்டியன் குதித்தார். வேதமணியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வேதமணி மணலை விரலால் தேய்த்தான். செக்கச்செவேலென்று இருந்தது.

“இது உடங்குடித் தேரிக்காட்டுச் செம்மண்ணுல்லா, அண்ணாச்சி? நம்ம லாரி அந்தப் பக்கமே போனதில்லயே.”

உண்மைதான். லாரி போனதில்லை.

லாரி துறைமுக வரிசையில் நிற்கும். வண்டியிலேயே படுத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, உடன்குடிக்குப் பஸ் ஏறியது அவர்தான். அங்கே பிச்சம்மாள் வீட்டு வாசலில் இதே சிவப்பு மணல், கணுக்கால் புதைய.

குதித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி ஆறுமுகத்தாய் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். துணியில் கிடந்த மணலைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை.

பாவி, சோற்றிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே என்று கேட்டால், மண் எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் தூக்குச்சட்டியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

“வீட்டுக்கு வந்ததும் அந்தக் காக்கிப் பேண்டத் துவைக்கப் போடுங்க. கால்மடிப்ப நீங்க உதற வேண்டாம். எப்பவும்போல நானே உதறிக்கிடுதேன்.”