விக்கலுக்கு இஸ்திரி

“அதெல்லாம் இஸ்திரி போட்டு அனுப்பியாச்சே, மேடம்” என்றார் பலூன்காரர்.

எனக்குப் புரியவில்லை. ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு வேறு.

அவர் பொறுமையாக விளக்கினார். தினமும் காலையில் கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடுவார்கள். அது ஏறும் வேகம் கணினியில் ஒரு கோடாக வரும். கோடு நேராக இருந்தால் தலைமை அலுவலகம் வாங்கிக்கொள்ளும். நெளிந்தால் கருவிக் கோளாறு என்று திருப்பிவிடும். அதனால் ஒரு பொத்தானைத் தட்டி, நெளிவையெல்லாம் நீவிவிட்டுத்தான் அனுப்புவது. அந்த வானிலை நிலையத்தில் அதற்குப் பெயர் இஸ்திரி.

நீவிய கோடு பழைய கோட்டின் மேலேயே பதிந்துவிடும். அசல் மிஞ்சாது.

நான் தேடி வந்ததே அந்த நெளிவைத்தான்.

காற்று மலையில் மோதினால் அதற்கு மேலே சின்னச் சின்ன அலைகள் எழும். புவியீர்ப்பு அலைகள் என்போம்; விண்வெளியில் கருந்துளைகள் மோதி எழும் ஈர்ப்பு அலைகள் வேறு. என் மாமியார் மட்டும் மருமகள் கருந்துளையை ஆராய்கிறாள் என்று உறவினர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன்.

வானிலையைக் கணிக்கும் எங்கள் கணினி, வானத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கும். ஒரு கட்டத்துக்குள் ஒரு மாவட்டமே அடங்கிவிடும். இந்தச் சின்ன அலைகள் அதன் கண்ணில் படாது. ஆனால் இவை உயரே போய் உடையும்போது, அங்கே ஓடும் பெருங்காற்றுக்கு பிரேக் போடுகின்றன. அந்த பிரேக்கைச் சரியாகச் சேர்க்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து வரப்போகும் கடுங்குளிர் எங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

போன குளிர்காலத்தில் தெரியவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்று செய்தித்தாளில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கண்ணில் படாததற்கு ஓர் எண் கொடுப்பதுதான் என் வேலை. ஆறு வருஷமாக ஊகித்துத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அளந்த கணக்கைக் கொண்டு வா, இல்லாவிட்டால் கணிப்பு நிரலின் அடுத்த பதிப்பில் உன் பகுதியை எடுத்துவிடுவோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். இந்த மலையடிவாரத்தில் ஒரே ஆள் பத்தொன்பது வருஷமாகப் பலூன் விடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

நான் சொல்லி முடித்தபோது பலூன்காரரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

நெளிவுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விக்கல். மலைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பலூன் விக்கி விக்கித்தான் ஏறுமாம். ஆறு வருஷத்தில், கருந்துளையா என்று கேட்காமல் நான் சொன்னதைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர். அவர் கையாலேயே எல்லாம் அழிந்திருக்கிறது.

“அப்போ பத்தொன்பது வருஷமா நல்ல வேலைன்னு நெனச்சு நான் பண்ணது…”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. சட்டைக் கையின் மடிப்புகூடக் கலையாத மனிதர். மேசைத் தாள்களில் ஓரம் பிசகவில்லை. வெளியே காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல்களை வெள்ளைத் தாள் ஒட்டிக் கச்சிதமாக அடைத்திருந்தார்கள். அறை கதகதப்பாக இருந்ததுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தார். இரண்டு பேரும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். பலூன்காரர் அரைகுறையாகச் சொன்னார்.

அந்த அம்மா டம்ளர்களை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“ஏங்க, இஸ்திரிக்கு மசியாததையெல்லாம் எங்கிட்டதானே குடுத்தீங்க?”

ஒவ்வொரு நாளும் நீவுவதற்கு முன்னால் கோட்டை ஒருமுறை தாளில் அச்சிட்டுப் பார்த்து, அனுப்பியதும் கிழித்துப்போடுவது விதி. எத்தனை தடவை நீவியும் நேராகாத நாட்களைத் தலைமை அலுவலகம் வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்தத் தாள்களை எறிய மனமில்லாமல் பலூன்காரர் மனைவியிடம் கொடுத்திருக்கிறார். கொடுத்ததோடு மறந்தும்விட்டார். மனைவி ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும், ஓரத்தில் மட்டும் பசை தடவி, பழைய தாளின் மேல் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார். கிறுக்கல் தெரிந்தால் அலங்கோலமாக இருக்குமே என்று வெள்ளைப் பக்கம் அறையைப் பார்க்கும்படி.

வருஷத்துக்கு ஓர் அடுக்கு.

நான் நாற்காலி மேல் ஏறி, ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன்.

“ஏம்மா, குளிருமே” என்றார் அந்த அம்மா.

“குளிரட்டும்க்கா.”

தாள் கையோடு வந்தது. பின்பக்கத்தில் தேதி, உயரம், நடுவே மேலும் கீழும் துள்ளும் ஒரு கோடு. ஓரத்தில் சிவப்பு மையில் பலூன்காரரின் அழகான கையெழுத்தில் ‘கோளாறு’ என்று எழுதியிருந்தது. கீழே போன வருஷத்துத் தாள். அதற்கும் கீழே இன்னொன்று. பெரிய விக்கல்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து யாரோ எனக்காகவே சேர்த்துவைத்தது போல இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணீரும் வந்தது.

கடைசி அடுக்கைப் பிரித்ததும் மலைக்காற்று நேராக உள்ளே வந்தது. மூன்று பேரும் நடுங்கிக்கொண்டே தாள்களை மேசையில் பரப்பினோம்.

ஒரு தாள் முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. பலூன்காரர் பழக்கத்தில் அதை உள்ளங்கையால் நீவப் போனார்.

பிறகு கையை எடுத்துக்கொண்டார்.