புளியமரத்துத் துப்பாக்கிகள்

குறி தப்பினால் அந்த ஊரில் துப்பாக்கிக்குத்தான் தண்டனை. ஊரார் முன்னால் அதை மூன்று முறை வாய்விட்டுத் திட்டி, எல்லைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். மழையில் நனைந்து துருவேறியபடி நாற்பது துப்பாக்கிகள் அங்கே காற்றில் ஆடின. அவற்றில் ஏழு, ஊரின் மூத்த வேட்டைக்காரர் செங்கோடனுடையவை. ஒவ்வொன்றையும் திட்டிக் கட்டியபோது அவருக்கு மனசு லேசானதுண்டு. குறி மட்டும் ஒருநாளும் தேறவில்லை.

அன்று வேலாத்தாளின் முறை. கிழங்குக் காட்டை உழுதுபோட்ட பன்றி இருபதடி தூரத்தில் நின்றும், அவள் சுட்டது பாறையில் பட்டது. ஊரே புளியமரத்தடியில் கயிற்றோடு காத்திருந்தது. அவளோ துப்பாக்கியைத் துடைத்து மரத்தடியில் சாய்த்துவைத்தாள்.

"இது என்னங்க பண்ணுச்சு? சுடறப்போ கண்ணை மூடுனது நானுங்க."

சொல்லிவிட்டு எம்பித் தாழ்ந்த கிளையைப் பிடித்தாள். துப்பாக்கிகளுக்கு நடுவே தானே தொங்கினாள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கை நழுவி விழுந்தாள்; உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எம்பினாள். நான்காம் முறை விழுந்தபோது சிரிப்பு ஓய்ந்திருந்தது. ஐந்தாம் முறை அவள் எம்பியதும் செங்கோடனால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனார்.

"கொஞ்சம் தள்ளிக்க அம்மிணி," என்றார். "நான் ஏழு தடவை தொங்கோணும்."