மூத்த மாப்பிள்ளை நாற்காலி

புத்தூர் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜன்னலோர நாற்காலி மூத்த மாப்பிள்ளை டோமினிக்குடையது. கைப்பிடி வைத்தது அது ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதில் அமர்ந்து தன் போனைத் தட்டுக்கு முன்னால் வைக்கிறார். மத்தியான வெயில் அதன் மேல் சதுரமாக விழுகிறது. எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, இளைய மாப்பிள்ளை சகாயநாதன் தன் போனின் உறையைக் கழற்றி வைக்கிறான். இரண்டுக்குள்ளும் இருக்கும் சிப் ஏறக்குறைய ஒன்றுதான். டோமினிக்குடையதன் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், வேகமும் ஒரு துளி கூடுதல். அந்த ஓர் எழுத்தின் பலத்தில்தான் கிறிஸ்துமஸ் விருந்தில், "சகலையோட போன் மாட்டு வண்டிங்க" என்றார். சகாயநாதனின் மனைவி லிசியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் செரிக்கவில்லை. இப்போது இரண்டு போனிலும் வேகம் அளக்கும் ஆப் ஓடுகிறது. முதல் சுற்றில் மயிரிழையில் முந்தும் டோமினிக் மீசையைத் தடவிக்கொள்கிறார். "இன்னும் ரெண்டு ரவுண்டு பாத்துருவோங்க சகலை" என்கிறான் சகாயநாதன், மிகப் பணிவாக. அடுத்ததில் சமம். மூன்றாவதில் டோமினிக்கின் எண்கள் சரிகின்றன. போனைத் தொட்டவர் விரலை உதறுகிறார்.

"வெயில்ல சூடாயிடுச்சு, அதான்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சகாயநாதன் காத்திருந்தான்.

"அப்ப எந்திரிச்சு இங்க வந்து உக்காருங்க. நான் அங்க உக்காந்துக்கிறேன்."

மாமனார் நிமிர்ந்து பார்க்கிறார். டோமினிக் நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொள்கிறார். அவர் முன்னால் வெயில் சூட்டில் போனின் திரை மங்கிக்கொண்டே போகிறது. பிரியாணிக் கரண்டியோடு நிற்கும் லிசி சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.