உறுமாத சிறுத்தை

“கம்பிய உள்ள வுட்டு ஒரு குத்து குத்துங்க பாய். உறுமுதா இல்லையான்னு பாத்துடலாம்” என்றார் குப்புராஜ்.

அவர் ஒரு கதாநாயக நடிகரின் ரசிகர் மன்றச் செயலாளர். மொரப்பூரில் அந்தப் பதவிக்கு ஊராட்சித் தலைவர் பதவியைவிட மரியாதை அதிகம்.

காஜா கூண்டை மறைத்துக்கொண்டு நின்றார். “அது கெழடுங்க, செயலாளரே. இருக்கறபடியே பாத்துட்டுப் போங்க.”

காஜாவும் அவர் மனைவி வஹிதாவும் ஊர் ஊராகச் சென்று மிருகக்காட்சி நடத்துபவர்கள். சென்ற ஆண்டு இதே சந்தைத் திடலுக்குக் கரடியையும் கழுதைப்புலியையும் கொண்டுவந்தபோது, குழந்தைகளுக்குத் தாயத்துக் கட்ட வேண்டுமென்று கரடி முடிக்காக ஊரே நச்சரித்தது. இந்த ஆண்டு கரடியை ஏறிட்டுப் பார்ப்பவர்கூட இல்லை.

இடையில் அந்தப் படம் வந்துவிட்டது. மன்றத்தார் ‘தலைவர்’ என்று கொண்டாடும் அந்த நடிகர் வெறுங்கையால் சிறுத்தையோடு கட்டிப் புரண்ட படம்.

‘அந்தப் படத்தில் நடித்த அசல் சிறுத்தை’ என்று வஹிதா எழுதி மாட்டிய பலகையைக் கண்டதும், மன்றத்தார் மாலையும் கற்பூரமுமாக வந்து சேர்ந்துவிட்டனர்.

“இதும் மேலதான் தலைவரு கை பட்டுச்சா?” என்று கேட்டாள், இடுப்பில் குழந்தையோடு நின்ற பாஞ்சாலி. “எந்தப் பக்கம் பட்டுதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன் பாய்.”

சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குப் புளி கொண்டுவந்திருந்த ராமக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “இதுக்கா இந்தத் தள்ளுமுள்ளு? எங்க பட்டியில பூந்து ஆட்டத் தூக்கிக்கினு போச்சே, அப்ப ஒருத்தரும் மாலையோட வரலியே.”

“அது காட்டுச் சிறுத்தை அக்கா. இது நடிச்ச சிறுத்தை” என்றாள் பாஞ்சாலி.

“அப்ப நடிக்கச் சொல்லு. சும்மாதான படுத்துக் கெடக்குது.”

கூட்டம் சிரித்தது. குப்புராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தம் தலைவர் போராடி அடக்கிய விலங்கு, முன்னங்கால்களுக்கிடையே முகத்தைப் புதைத்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. இதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தலைவரின் வீரத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிடக்கூடும்.

“படத்த எத்தினி தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல பாய். அது உறுமுனா கொட்டாய்த் தகரமே அதிருது. இது காலையிலேர்ந்து வாயே தொறக்கல. நெசமாவே அந்தச் சிறுத்தைன்னா, உறுமட்டும். ஒத்துக்கறேன்.”

யாரோ ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரும்பு கம்பிகளில் உரசிய ஒலி கேட்டதும் சிறுத்தை எழ முயன்று, கால் வழுக்கி, மறுபடியும் மூலையில் ஒடுங்கியது. உறுமவில்லை.

“குத்தாதீங்க.” காஜா கடப்பாரையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“அப்ப வாயத் தொறந்து சொல்லுங்க. பலகையில இருக்கறது நெசமா, பொய்யா? நெசம்னா குத்துவோம், உறுமும். பொய்ன்னா வுட்டுடறோம்.”

காஜா வஹிதாவைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் அவள் தலையசைத்தாள். அவர் சிறுத்தையைப் பார்த்தார்.

“பொய்தாங்க” என்றார். “பொழப்புக்காவ எழுதுனது. இது அந்தச் சிறுத்தை இல்ல.”

கூட்டத்துக்கு நிம்மதி. தலைவரின் வீரம் காப்பாற்றப்பட்டுவிட்டது. மன்றத்தார் பலகையைப் பிடுங்கி உடைத்தனர். இடுப்பிலிருந்த குழந்தைக்குக் காஜாவைக் காட்டி, “பொய் சொன்னா இப்பிடித்தான், எல்லாரும் திட்டுவாங்க” என்று பாடம் நடத்தினாள் பாஞ்சாலி. குப்புராஜ் தம் பங்குக்கு நீதி வழங்கினார்.

“ஒழைச்சுப் பொழைங்க பாய். வாயில்லாத ஜீவன வெச்சு ஊர ஏமாத்தறது ஒரு பொழப்பா? மொதல்ல அதுக்கு வயிறாரப் போடுங்க. எலும்பும் தோலுமா இருக்குது. மிருகத்துங்ககிட்ட அன்பு காட்டணும்னு எங்க தலைவரு அந்தப் படத்துலயே சொல்றாரு.”

கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

அசல் சிறுத்தையைப் பார்க்கும் ஆவல் தீராத கூட்டம், அந்தப் படத்தின் மாலை ஆட்டத்துக்காக டூரிங் கொட்டகையை நோக்கி நடந்தது.

திடல் காலியானதும், உடைந்த பலகையை அடுப்புக்காகப் பொறுக்கினாள் வஹிதா.

“ஊரு முன்னால என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க. படம் முடிஞ்சு, இனிமே வேணாம்னு கம்பெனிக்காரங்க தள்ளுனத வாங்கியாந்தது நீங்கதான? அவங்க தலைவரக் கடிச்சுடக் கூடாதுன்னு இதும் வாய ஊசி போட்டுத் தெச்சுதான் சண்ட எடுத்தாங்க, உறுமல அப்பறமா தனியா சேத்தாங்கன்னு சொல்ல வேண்டியதுதான? அந்த நாள்லேர்ந்துதான இது வாயத் தொறக்கவே பயப்படுது? ஒதட்டுல தையல் தழும்பு இன்னும் அப்பிடியே இருக்குது. அதக் காட்டியிருந்தா அந்தாளு தலகுனிஞ்சு போயிருப்பாரு.”

காஜா கொத்திய இறைச்சியைக் கஞ்சியில் பிசைந்து, உள்ளங்கையில் ஏந்திக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். சிறுத்தை தயங்கித் தயங்கி வந்து, வாயைச் சிறிதளவே திறந்து நக்கியது.

“காட்டலாம் வஹிதா” என்றார். “நாளைக்கு அந்தத் தழும்பப் பாக்கறதுக்குன்னே இன்னிக்கு வந்ததுல ரெண்டு பங்கு கூட்டம், கடப்பாரையோட வரும்.”