எழுபத்திரண்டு படி

"மறுபடியும் அந்த வீடா?" என்றான் சின்னவன்.

"அந்த வீடுதான்," என்றான் பெரியவன்.

இருவருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் 'எல்டர்' என்று எழுதிய பட்டை. மார்மன் சபையின் ஊழியர்கள். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருவன் கூப்பிட்டால் அடுத்தவன் காதில் விழ வேண்டும். அது சபையின் சட்டம்.

பெரியவனுக்கு வயது இருபத்தொன்று. இரண்டு வருட ஊழியத்தில் மூன்று வாரம்தான் பாக்கி. சின்னவன் வந்து சேர்ந்தே பத்து நாள்.

பெரியவன் தட்டாத கதவில்லை. ஆனால் ஒரு ஆள்கூட இதுவரை சபைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவன் மிச்ச நாளில் நாலு புதுத் தெருவாவது போக வேண்டாமா? தினமும் பதினொரு மணிக்கு இந்த நாலாம் மாடிக்கு ஏறுகிறான். ஏறித் திட்டு வாங்குகிறான்.

பெல் அடித்தான். உள்ளே ஊன்றுகோல் சத்தம். டொக். டொக். கதவு திறக்க நாலு நிமிஷம்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஒரு கையில் தடி, இன்னொரு கை சுவரில்.

"படியில நிக்காதே. இறங்கு, இறங்கு. எல்டர்னா மூத்தவன்னு அர்த்தமாமே? மீசையே முளைக்கல, யாருக்குடா நீ மூத்தவன்?"

"சௌக்கியமாங்க ஐயா?"

"நீ வராம இருந்தா சௌக்கியம்."

கதவு படாரென்று மூடியது. பெரியவன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"இன்னைக்கு ரிப்போர்ட்ல என்ன எழுதறது?" என்றான் சின்னவன்.

"ஒரு வீடு போனோம், திட்டினார்னு எழுது."

"உங்களுக்கு ஊர் நினைப்பு வந்துடுச்சு அண்ணா. மனசு பெட்டிக்குள்ள போய் உக்காந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை சபைத் தலைவர் கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன். எனக்குப் பொய் வராது."

"சொல்லேன்."

சனிக்கிழமை சின்னவனுக்குக் குதிகாலில் ஷூ கடித்துவிட்டது. பிளாஸ்திரி வாங்க மருந்துக்கடைக்குள் போனான். பெரியவன் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையில் இருந்த பெண் கண்டக்டரின் மகள்.

"தம்பி, அப்பா திட்டறதை மனசுல வெச்சுக்காதீங்க. விழுந்து இடுப்புல ஆபரேஷன். நடக்கலைன்னா காலே போயிடும்னாரு டாக்டர். இவர் நாற்காலியை விட்டு அசையல. ஒருநாள் அந்தத் தம்பி பெல் அடிச்சுது. திட்டறதுக்காகவே எழுந்து போனார். ஒரு மாசத்துல அதான் முதல் நடை. தினமும் வந்து திட்டு வாங்கிட்டுப் போப்பான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

சின்னவன் பிளாஸ்திரியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

ஞாயிறன்று தலைவர் போனில் கேட்டார். "தினமும் ஒரே வீட்டுக்குத்தான் போறோம். போக வேண்டிய வீடு," என்றான் சின்னவன்.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் காலை விமானம். பெரியவன் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினான்.

"எழுபத்திரண்டு படிடா. வந்த புதுசுல இந்தத் திருப்பத்துல வழுக்கி விழுந்தேன். மழைக்காலத்துல இங்கதான் நின்னு சட்டையைப் பிழிவேன். இனிமே எங்க படி ஏறினாலும் இதைத்தான் எண்ணுவேன்."

சின்னவன் அவன் பின்னாலேயே ஏறினான்.

"ரெண்டு வருஷத்துல என்ன சாதிச்சேன்னு அப்பா கேப்பார். ஒருத்தரை நடக்க வெச்சேன்னு சொல்வேன். என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

பெல். டொக். டொக். நாலு நிமிஷம்.

"என்ன, கடைசி ட்ரிப்பா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க ஐயா."

"நிம்மதி. போய் உங்கம்மா கையால நல்லா சாப்பிடு. ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கே." கதவில் ஒரு தட்டு தட்டினார். "போலாம், ரைட்."

கதவு மூடியது. பெரியவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினான்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் சின்னவனுக்கு, கதவோரம் சாத்தி வைத்த குடை ஞாபகம் வந்தது. "இங்கேயே நில்லுங்க அண்ணா," என்று திரும்ப ஏறினான்.

குடைக்காம்பு கதவிடுக்கில் மாட்டியிருந்தது. கதவு முழுசாகச் சாத்தவில்லை. தள்ளினான்.

தடி ஆணியில் தொங்கியது. கண்டக்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவன் வெளியே வருவதற்காக.

கதவுச் சத்தம் கேட்டதும் தொப்பென்று குதித்தார். இளவட்டம் மாதிரி.

"ஐயா, நீங்க..."

"கத்தாதே. அவன் காதுல விழும்."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. பொண்ணு கடைக்குப் போனதும் பார்க் வரைக்கும் போயிட்டு, பத்தே முக்காலுக்குள்ள வந்துடுவேன். பதினொண்ணுக்கு அவன் வருவானே."

"அப்புறம் எதுக்குங்க ஐயா இந்தத் தடி?"

"பொண்ணு சொல்லித்தான் அவன் வர்றான்னு எனக்குத் தெரியும்; தடியை விட்டா அவனுக்கு இங்க வேலை முடிஞ்சுடும். முப்பது வருஷம் பஸ்ல நின்னவன்டா நான். காலி வண்டியா டிப்போவுக்குத் திரும்பற நாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு டிக்கெட்டாவது ஏறிச்சுன்னு நினைச்சுக்கிட்டு ஊர் போய்ச் சேரட்டும்."

"குடை கிடைச்சுதாடா?" கீழிருந்து பெரியவன் குரல்.

கண்டக்டர் அவசரமாகத் தடியை எடுத்தார். டொக். டொக். டொக்.

"கிடைச்சுது அண்ணா. பாவம், ஐயா தடியை ஊன்றிக்கிட்டு மெதுவா நடந்து வந்து அவரே எடுத்துக் கொடுத்தார்," என்றான், பொய் வராத சின்னவன்.