கிச்சன் இல்லாத ரூம்

"கிச்சன் இல்லாத ரூமையா எடுக்கப் போற?" மேனேஜர் கத்தினார். பேங்க்கில் கத்த முடியாததையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் கத்துவார்.

"ஆமா. யுனிவர்சிட்டி ஹாஸ்டல்லயே மெஸ் இருக்கு. தட்டை நீட்டினா போதும்" என்றேன்.

எதிரில் இருந்த எங்கள் வீட்டு இன்ஜினியர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். "அந்த ஊர்லயே சித்தப்பா வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்கு? மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. சித்தியும் வேலைக்குப் போறாங்க. நீ இருந்தா சமையலுக்கு ஒத்தாசையா இருக்கும்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

"வெளிநாடு. முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க. உனக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா?"

"நிறையவே இருக்கு. பயந்துக்கிட்டே போறேன்."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் மேனேஜர்.

"அந்த நாலு பேருக்கா அட்மிஷன் கிடைச்சுது?"

லேப்டாப்பைப் பிடுங்கி, ஹாஸ்டல் விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. இன்ஜினியரின் பெயரையும் நம்பரையும் போட்டேன். அடுத்த கட்டத்தில், என்ன உறவு என்று கேட்டது.

'மகன்' என்று அடித்து, விண்ணப்பத்தை அனுப்பினேன்.

பிறகு மேனேஜர் குரலை இறக்கிக் கேட்டார். "நீ போயிட்டா எங்களுக்கு யார் சமைப்பா?"

"இருபத்தேழு வருஷமா நான் நின்ன கிச்சனை உங்க ரெண்டு பேருக்கும் விட்டுட்டுத்தானேங்க போறேன்!"