இருபத்தெட்டு அங்குலம்

"அறுபத்தொண்ணு வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஏன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். ஆறு மணிக்கு முடிவை அறிவிச்சாகணும்," என்றார் நடுவர் குழுத் தலைவர்.

உலகம் முழுக்கப் பல நாடுகளிலிருந்து வந்த எழுபது மாடிக் குடியிருப்பு வரைபடங்கள் சுவரெங்கும் தொங்கின. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சலித்துச் சலித்து மிஞ்சியவை இரண்டு. பதினெட்டுக்கு இரண்டு ஓட்டு, அறுபத்தொன்றுக்கு இரண்டு. ஐந்தாவது ஓட்டு அவளுடையது.

"சமையலறையைப் பாருங்க," என்றாள். "எல்லா வீட்டுலயும் ரெண்டு மேடை. ஒண்ணு வழக்கமான உயரம். இன்னொண்ணு வெறும் இருபத்தெட்டு அங்குலம். இடம் வீண்."

"அட, அதுதாங்க இதுல அழகே," என்றார் மூக்குக்கண்ணாடி இன்ஜினியர். "எழுபது மாடி வரையறப்போ, அடுப்புகிட்ட நிக்கிறவங்க தோள் வலிக்குமேன்னு தோணியிருக்கு பாருங்க. வரைஞ்சவர் வீட்டுல குட்டையா யாரோ இருக்காங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையைத் தொடாத தன் கால்களை அவள் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கல்யாணமான வருஷமே வீட்டு மேடையை உடைத்து, அவள் முழங்கைக்கு அளவெடுத்து, இருபத்தெட்டு அங்குலத்தில் கட்டிக் கொடுத்தவர் அவள் கணவர். பதினொரு போட்டிகளில் தோற்ற கட்டடக் கலைஞர். இந்தப் போட்டிக்காக எட்டு மாதமாக ஒரு கோபுரம் வரைந்துகொண்டிருந்தார். போன மாதம் ஒரு நடுவர் விலக, அந்த இடத்துக்கு இவளைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் போட்டிப் பேச்சே இல்லை. அனுப்பினீர்களா என்று இவள் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

இது அவருடையது என்று சொன்னால் படத்தைத் தள்ளிவிடுவார்கள், ஊரும் சிரிக்கும். சொல்லாமல் ஜெயிக்க வைத்தால், பெண்டாட்டி தயவில் ஜெயித்தவன் என்ற பேர் அவருக்குக் காலம் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

"பதினெட்டு," என்றாள்.

அறிவிப்புக்குக் காத்திராமல் வீட்டுக்கு வந்தாள். அவர் அந்தத் தாழ்ந்த மேடையில் முதுகை வளைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க. உங்க கோபுரத்தை நானே கவுத்துட்டேன்," என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து தூசி படிந்த ஒரு வரைபடச் சுருளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உன்னை நடுவராக் கூப்பிட்ட அன்னிக்கே சுருட்டி மேல போட்டுட்டேன். அனுப்பவே இல்ல."

"அப்போ... அந்த மேடை? அதே இருபத்தெட்டு அங்குலம்?"

"ஏம்மா, குட்டையான பொண்டாட்டி உலகத்துல எனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்காளா?"

அவள் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.